காளியப்பன் கிணறு

அர்த்தநாரிக்கு இங்கிலீஷ் வராது என்று ஓடக்காட்டூரில் யாராவது வாயைத் திறந்திருந்தால் ஊரே சேர்ந்து அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருக்கும். செங்கோட்டையன் மகன் எம்.ஏ. படித்தவன். சங்ககிரி ஸ்டேஷனில் வெள்ளைக்கார ரயில் கார்டிடம் நேருக்கு நேர் நின்று பேசியவன். அதைக் கண்ணால் பார்த்தவன் வண்டிக்காரக் காத்தான். அவன் சொல்லிச் சொல்லி, கார்டு தொப்பியைக் கழற்றி இவனுக்குக் கும்பிடு போட்டான் என்கிற வரைக்கும் கதை வளர்ந்திருந்தது. பையன் கேட்டதென்னவோ வண்டி எப்போது கிளம்பும் என்பதைத்தான். அதையும் பிளாட்பாரத்து வேப்பமரத்தடியில் நின்று வாய்க்குள் பலதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் வந்த இரண்டாவது கோடை அது. அணையில் தண்ணீர் கடலாய் நிற்கிறது என்றார்கள். நின்று என்ன, திருச்செங்கோட்டு மேட்டுக்காடுகளுக்கு அதில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. இங்கே கிணறுதான் எல்லாம். கோழி கூப்பிடும்போதே செங்கோட்டையன் மாடுகளைப் பூட்டிவிடுவார். வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து சரிவில் மாட்டை ஓட்ட, தோல்சால் நிறைந்து மேலே வந்து கொட்டும். மறுபடி மாடு பின்னாலேயே ஏறும். வெயில் உறைக்கிற வரைக்கும் இதே வேலை. அவர் பெண்சாதி மாரக்காள் மண்வெட்டியோடு மிளகாய்ப் பாத்திக்கு மடை திருப்புவாள். தம்பி பெண்சாதி பாவாயி, வெள்ளைச் சீலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஈரம் காய்வதற்குள் களை பறிப்பாள். இத்தனையும் நடக்கையில் அர்த்தநாரி கடலைக்காய் மூட்டை அடுக்கிய அறையில், கயிற்றுக் கட்டில்மேல் பலகையை வைத்துக்கொண்டு, இங்கிலீஷோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

பரீட்சை வரைக்கும் அவனுக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை நெட்டுருப் போட்டுவிடுவான். கேள்வி எதுவானாலும் சரி, அதற்குத் தோதான பக்கத்தை அப்படியே இறக்கி வைத்துவிடுவான். மெட்ரிகுலேஷன், பி.ஏ., எம்.ஏ. எல்லாம் அந்த வித்தையில் தேறியதுதான். ஆராய்ச்சி என்று வந்ததும் வித்தை பலிக்கவில்லை. இதுவரை யாரும் எழுதாததை எழுது என்றார்கள். யாரும் எழுதாததை எந்தப் புத்தகத்தில் தேடி நெட்டுருப் போடுவது?

விஷயத்தைத் தேர்ந்து கொடுத்தது பட்டணத்துப் புரொபசர்தான். திருச்செங்கோட்டுத் தாலுகாவின் கிணறுகளும் அவற்றை நம்பிய வெள்ளாமையும். "நீ அந்த மண்ணிலே பொறந்தவன். ஒனக்குத் தெரிஞ்சதை எழுது, போறும்" என்றார் அந்த மனுஷர். தெரிந்ததுதான் கஷ்டம். பாறையில் ஊற்றுக் கண் எந்தப் பக்கம் திறக்கும், பங்காளிகள் தண்ணீர் முறையை எப்படி மாற்றிக்கொள்வார்கள், எந்தப் பட்டத்தில் கிணறு வெட்டத் தொடங்குவார்கள் என்று கேட்டால் தமிழில் பொழுது சாயும்வரை சொல்லுவான். இங்கிலீஷில் எழுதத் தாளில் பேனாவை வைத்த மாத்திரத்தில் எல்லாம் ஓடி ஒளிந்துகொள்ளும். அகராதியைப் புரட்டி ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து வந்து நிறுத்துவான். புது மாடு நுகத்துக்கு நிற்காத மாதிரி ஒன்று இப்படி இழுக்கும், ஒன்று அப்படி இழுக்கும்.

முதல் தடவை எழுதியபோது அவன் உள்ளது உள்ளபடிதான் எழுதினான். அந்தப் பக்கத்துக் காடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாதி வெட்டி நிற்கிற கிணறுகள் உண்டு. அவர்கள் வீட்டு மேற்குக் காட்டிலேயே ஒன்று இருக்கிறது. செங்கோட்டையனும் தம்பி காளியப்பனும் சேர்ந்து வெட்டியது. மேல்மண்ணைத் தாண்டிப் பாறை உடைத்து, அடியில் ஈரம் கண்ட அன்றைக்கு, அண்ணன்காரர் மேலே வந்து ஊர்ப்பக்கம் பார்த்து, "தண்ணி தெரியுது, தண்ணி தெரியுது" என்று கத்தியிருக்கிறார். அவர் கத்தி முடிப்பதற்குள் ஐப்பசி மழையில் ஊறிய கரை மொத்தமாய்ச் சரிந்தது. காளியப்பன் உள்ளே இருந்தான். அவனைத் தோண்டி எடுத்தது தண்ணீர் கண்ட அதே இடத்தில்.

ஆளை எடுத்த கிணற்றில் மறுபடி கடப்பாரை விழக்கூடாது என்பது அந்த ஊர்க் கட்டு. மூடவும் கூடாது. அது அப்படியே நிற்க வேண்டும். தண்ணீருக்கு எவ்வளவு தவித்தாலும் சரி, குடும்பம் வேறு இடத்தில் புதிதாய்த் தொடங்க வேண்டியதுதான். செங்கோட்டையன் கிழக்கே ஒண்டியாய் வெட்டி முடித்த கிணற்றில்தான் இப்போது இறைப்பு நடக்கிறது.

இதையெல்லாம் அர்த்தநாரி இங்கிலீஷில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தான். புரொபசர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். "என்னப்பா இது? கெணறு கோவிச்சுண்டுதா? கெணறு ஆளை எடுத்துண்டுதா? என்ன சொல்ல வறேன்னே புரியலியே, படிக்கிற எனக்கே மூச்சு வாங்கறதே!" பக்கத்தில் இருந்த மயிலாப்பூர்ப் பையன்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். நல்ல பையன்கள்தான், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் சித்தப்பனின் சாவுக்குச் சிரித்த மாதிரி அவனுக்குக் காது மடல் எரிந்தது. அந்த அத்தியாயத்தில் புரொபசரின் பென்சில் படாத வரி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அப்புறம்தான் புத்தகசாலையின் மூலையில் அந்த அறிக்கை அகப்பட்டது. அறுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி இந்தச் சீமையைச் சுற்றிப் பார்த்து எழுதியது. அட்டை பிய்ந்து, தூசி மண்டி, யாரும் தொடாமல் கிடந்தது. அதில் பாதிக் கிணறுகளைப் பற்றி ஒரு வரி. பாதியில் நிற்கும் ஒவ்வொரு கிணறும் இப்பகுதிக் குடியானவன் தன் சோம்பலுக்குத் தானே நட்டுக்கொண்ட கல் என்பது அதன் பொருள். இங்கிலீஷில் என்னமாய் ஓடியது தெரியுமா! ஒரு வரிதானே என்று எடுத்தான். அப்புறம் பக்கத்துக்கு ஒன்று என்று எடுத்தான். பொருள் தெரியாமல் எடுத்தான் என்று அவனுக்காக யாரும் பரிந்துகொண்டு வர வேண்டாம். தெரிந்தேதான் எடுத்தான். அடுத்த வாரம் புரொபசர் அதே வரியை எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டி, "இப்பத்தான் நீ இங்கிலீஷ் எழுதறே" என்று முதுகில் தட்டினார். மயிலாப்பூர்ப் பையன்கள் சிரிக்கவில்லை. அர்த்தநாரிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, ஆனால் வரியை எடுத்துப்போடவும் மனசு வரவில்லை.

சித்திரை பிறந்ததும் பட்டணத்திலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. ஆராய்ச்சியை அனுப்புவதற்கு முன்னால் கிணறுகளை ஒருதரம் தாமே நேரில் பார்த்துவிட வேண்டுமென்று புரொபசர் வருகிறார்.

வீடு அமளிப்பட்டது. மாரக்காள் சாணி கரைத்து வாசல் முழுக்க மெழுகினாள்.

"ஏஞ்சாமி, உங்க வாத்தியாரு நம்மூட்டுல சாப்புடுவாருல்ல?"

"மாட்டாரு ஆத்தா. அய்யமாரு. பாலும் பழமும் குடுத்தாப் போதும்."

"அவ்வளவு தொலைவிருந்து வாரவருக்கு வெறும் பாலா? சந்தகை புழிஞ்சு தேங்காப்பாலு ஊத்திக் குடுத்தாலுமா?"

"அதுந்தான் மாட்டாரு."

"அப்ப எளநி வெட்டச் சொல்லு. மரத்துல காய்ச்சதுல நாங் கை வெக்கலயே!" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கிணற்றடிக்கும் வீட்டுக்குமாக நடக்கும்போதெல்லாம், எதிர்ப்பட்டவர்களிடம், "எங்க பையனோட வாத்தியாரு பட்டணத்துலிருந்து கெணறு பாக்க வாராரு" என்று கேளாமலே சொன்னாள்.

பாவாயி அரிவாளை எடுத்துக்கொண்டு மேற்குக் காட்டுக்குப் போனாள். காளியப்பன் கிணற்றைச் சுற்றி மண்டியிருந்த வேலமுள்ளையும் எருக்கையும் வெட்டி ஒதுக்கி, ஆள் நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி தடம் போட்டாள். அர்த்தநாரி வேலியோரம் நின்று பார்த்தான். வேண்டாம் சின்னாத்தா, அங்கே அவரைக் கூட்டிக்கொண்டு வரப் போவதில்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? திரும்பி வந்துவிட்டான்.

புரொபசர் வந்தார். குடையும் கறுப்புக் கோட்டுமாய்க் காத்தான் வண்டியிலிருந்து இறங்கினார். நல்ல மனுஷர். வெயிலைப் பார்க்காமல் காடு காடாய் நடந்தார். கிணற்றின் ஆழத்தைக் கேட்டார், மாட்டின் விலையைக் கேட்டார், மாரக்காள் மடை மாற்றுவதை நின்று பார்த்து, "பேஷ்" என்றார். செங்கோட்டையன் புதுத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, கேட்டதுக்கெல்லாம் "ஆமாங்க சாமி", "அப்படித்தானுங்க சாமி" என்று ஒன்றுக்கு இரண்டாய்ப் பதில் சொன்னார். ஊர்க்காரர் ஏழெட்டுப் பேர் பின்னாலேயே வந்தார்கள். பாவாயி சீவின இளநீரைக் கூடையில் சுமந்துகொண்டு கடைசியாய் வந்தாள்.

அர்த்தநாரி அவரைக் கிழக்குப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கப் பார்த்தான். பலிக்கவில்லை. தடம்தான் பளிச்சென்று வெட்டிக் கிடக்கிறதே, அவர் பாட்டுக்கு அதிலேயே நடந்து போய்க் கிணற்றடியில் நின்றார்.

"இது யார் கெணறு? ஏன் பாதியிலே நிக்கறது?"

செங்கோட்டையன் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இது எங்களுதுங்க. நானும் எந்தம்பியும்..."

"இருங்கோ கவுண்டரே. நான் ஏன் கேக்கறேன்னு மொதல்லே சொல்லிடறேன். ஒம்ம பிள்ளையாண்டான் இதைப் பத்தி ஒரு வாக்கியம் எழுதியிருக்கான். பாதியிலே நிக்கற ஒவ்வொரு கெணறும் குடியானவன் தன் சோம்பலுக்குத் தானே நட்டுண்ட கல்லுன்னு. எத்தனை அழகா எழுதியிருக்கான் தெரியுமோ? அந்த அத்தியாயமே அதுமேலேதான் நிக்கறது. ஆனா பரிசோதிக்கப் போறவர் வெள்ளைக்காரர், இந்தப் பக்கமெல்லாம் உத்தியோகம் பாத்தவர். தப்புன்னு தோணித்துன்னா மொத்தத்தையும் திருப்பிடுவார். பட்டம் போயிடும். அதுதான் ஒங்க வாயாலேயே கேட்டுடலாம்னு. சொல்லுங்கோ, சோம்பல்தானா, வேறே காரணம் உண்டா?"

செங்கோட்டையன் மகனைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட அர்த்தநாரிக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒன்றும் புரியாத ஆள் மாதிரி, இது நீ எழுதினதுதானா என்று கேட்கிற மாதிரி பார்த்தார். அர்த்தநாரி குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். இல்லை சார், அந்த வரி என்னுடையது இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல இங்கிலீஷ்கூட வேண்டியதில்லை. தமிழிலேயே சொல்லலாம்.

"ஏனுங் கவுண்டரே, நம்ம சின்னவரு..." என்று காத்தான் ஆரம்பித்தான்.

"நீ போயி வண்டியப் பூட்டுறா" என்றார் செங்கோட்டையன். அப்புறம் புரொபசர் பக்கம் திரும்பினார். "பையன் எழுதினது சரிதானுங்க சாமி. சோம்பேறித்தனந்தானுங்க. வெய்யலுக்குப் பயந்துட்டு உட்டுப்போட்டமுங்க."

"நீங்களும் ஒங்க தம்பியுமா?"

"ஆமாங்க. ரெண்டு பேருந்தானுங்க."

புரொபசருக்குத் திருப்தி. எவ்வளவு நேர்மையான மனுஷர் என்று செங்கோட்டையனைப் பாராட்டினார். அர்த்தநாரியிடம், "கீழே ஒரு குறிப்புப் போட்டுடு. நிலத்துக்காரரே நேரிலே ஒப்புண்டார்னு. அப்புறம் எவனும் அசைக்க முடியாது" என்றார். பாவாயி கூடையைக் கிணற்றடியில் இறக்கி வைத்துவிட்டு, ஒருவரையும் பார்க்காமல், தான் வெட்டிய தடத்திலேயே திரும்பி நடந்தாள். புரொபசர் தாமே கூடையிலிருந்து ஓர் இளநீரை எடுத்துக் குடித்து, ரொம்பத் தித்திப்பு என்றார்.

வண்டி போனபின் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிட்டார்கள். மாரக்காள் களியைக் கிண்டி வட்டிலில் போட்டு, கொள்ளுச் சாற்றை ஊற்றி, புருஷன் முன்னால் நங்கென்று வைத்தாள்.

"ஏனுங்க, உங்க தம்பி சோம்பேறியாங்க?"

அவர் களியைப் பிட்டார். வாயில் வைக்கவில்லை.

"கையில காப்புக் காச்சுக் கெடந்துச்சே அந்தக் கொழுந்தனுக்கு. வேண்டாமுன்னு சொன்னாலும் கேக்காம ரெண்டு ஆளு வேல செய்யுமே. கட்டினவ நிக்கறா, ஊருசனம் நிக்குது. உங்களுக்கு வாயி எப்படீங்க வந்துச்சு?"

"பையம் படிப்பு போயிருமாமுல்ல."

"போனாப் போகட்டுமே! இங்க வந்து ஏத்தம் எறைக்கட்டுமே! குடி முழுகியா போயிரும்?" என்று கத்தினவள் சீலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அறைக்குள்ளிருந்த அர்த்தநாரிக்கு எல்லாம் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் அவள் பேசினாள்.

பொழுது சாய்கிற நேரம் செங்கோட்டையன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அர்த்தநாரி போய்த் தொட்டியோரம் நின்றான்.

"ஏனுங்கய்யா."

"என்ன சாமி."

"அந்த வரி எம்படதில்லீங்க. ஒரு வெள்ளைக்காரன் எழுதினது. நாம் பாத்து எழுதிப்போட்டனுங்க."

"அவன் நம்மூருக்கு வந்தானா?"

"அறுவது வருசத்துக்கு முந்தி இந்தப் பக்கம் வந்திருக்கறானுங்க."

செங்கோட்டையன் விரலை மடக்கி எண்ணினார். "அப்பக் காளியப்பன் பொறக்கவே இல்லியே" என்றார். மாடு உறிஞ்சுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "நீ ஏஞ்சாமி நெசத்த எழுதல?"

"மொதல்ல எழுதினனுங்க. இங்கிலீசுல எனக்குச் சொல்ல வரலீங்கய்யா. சிரிச்சுப்போட்டாங்க."

திட்டுவார் என்று நின்றான். ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான். அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"எனக்கு நம்ம பேச்சுலயே சொல்ல வரலியே சாமி. வாயி வரைக்கும் வந்துச்சு. உன்ற மூஞ்சியப் பாத்தேன், நின்னுபோச்சு" என்றார். பிறகு, "உனக்கு ஒண்ணும் கெடுதல் வராதல்ல?" என்று கேட்டார்.

"வராதுங்க" என்றான். அதைச் சொன்னபோது அவனுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் இறைப்புச் சத்தம் கேட்கும்போதே அவன் பலகையை எடுத்து வைத்துக்கொண்டான். குறிப்பை எழுத வேண்டும், இல்லாவிட்டால் அத்தியாயத்தையே கிழித்துப் போட வேண்டும். கிழித்தால் இரண்டு வருஷப் படிப்பு போகும். அதோடு, தகப்பன் நேற்றுப் பட்ட அவமானமும் வீணாய்ப் போகும் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். கெட்டிக்காரச் சமாதானம். பேனாவை வைத்தான். நிலத்துக்காரரே நேரில் ஒப்புக்கொண்டார் என்கிற வாசகம் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், எங்கேயும் தேடாமல், மளமளவென்று இங்கிலீஷில் வந்து விழுந்தது. யாருடைய புத்தகத்திலிருந்தும் எடுக்காத அவனுடைய சொந்த வாக்கியம். அதை மறுபடி படித்துப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வாசலில் நிழல் தட்டியது. பாவாயி முறத்தோடு நின்றாள். கடலைக்காய் அள்ள வந்தவள் அள்ளவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"சாமி, உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்."

"கேளுங்க சின்னாத்தா."

"உங்க சின்னய்யம் பேரு அந்தப் பொஸ்தகத்துல எங்கியாச்சும் இருக்குதா?"

கடைசியில் கேட்டுவிட்டாள். "இல்லீங்க" என்றான்.

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஒரெடத்துலகூடவா இல்ல?"

"ஒரெடத்துலயும் இல்லீங்க சின்னாத்தா."

பாவாயி அப்பாடா என்று மூச்சு விட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்பச் செரி. ராவெல்லாம் அதே ரோசனை. பேரு இருந்துச்சுன்னா, படிக்கறவங்க அவரையுமில்ல சோம்பேறின்னு நெனச்சுக்குவாங்க? அவரு பேரப் போடாம உட்டியே, அதுக்கே உனக்குப் புண்ணியஞ் சாமி. நீ நல்லாருப்ப."

முறத்தில் கடலைக்காயை அள்ளிக்கொண்டு அவள் கட்டிலருகே ஒரு நிமிஷம் நின்றாள். அர்த்தநாரி பலகைமேல் இருந்த தாளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அவளுக்கு எழுத்து வாசனையே கிடையாது என்பதுகூட அப்போது அவனுக்கு நினைவில்லை.